ஆகாசக் குண்டு இல்லாத ஆட்டம்

நான் ஓய்வு பெற்ற மறுவாரம் நந்தினி வீட்டுக்கு வந்தாள். ஆரணியில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிகளைப் பழுது பார்க்கிற சர்வீஸ் சென்டரில் எனக்கு அடுத்த ஆள் அவள்தான். சேலையில் மயிலும் மாங்காயும் சரியான இடத்தில் விழவைக்கிற பெட்டி அது. மயிலுக்குத் தலை இருக்கும் இடத்தில் வால் விழுந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். என் நாற்காலியில் இப்போது அவள் உட்காருகிறாள். அதற்கு ஒரு கால் ஆடும் என்பதை நான் சொல்லவில்லை, தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏதோ தொழில் சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். அவள் கேட்டது வேறு. பழைய வீடியோ கேம் கடைகளில் இருந்த ஒரு சண்டை ஆட்டத்தை மெருகேற்றி, டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோலுக்குப் புதுப் பதிப்பாக விட்டிருக்கிறார்களாம். வாங்கிவிட்டாள். என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், நீங்க கேம் கடைல மெக்கானிக்கா இருந்தீங்களாமே. கடை மெஷின்ல ஆடனவங்களுக்குக் கன்சோல்ல வர்றது திருப்தியா இருக்குமா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். ஆனால் இதே கேள்வியால் ஒருமுறை இந்த ஊரில் ஒரு பட்டு வியாபாரியின் மானம் கப்பலேறப் பார்த்தது. ஆகவே டீ ஆறிப்போனது, கதையைச் சொன்னேன்.

என் படிப்பைப் பற்றிப் பேச அதிகமில்லை. தேவிகாபுரத்துக்காரன். போளூரில் ஒரு ரேடியோ, டிவி மெக்கானிக்கிடம் தொழில் கற்றேன். அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டே பாடம். சால்டரிங் ஐயனைப் பிடிக்க வேண்டிய பக்கத்தில் பிடி. டிவியைத் தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் சொந்தக்காரன் டீ குடிக்கப் போன பிறகு தட்டு. மீதியெல்லாம் ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் சம்பந்தம் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் பட்டுச்சேலை வியாபாரி. நூலும் ஜரிகையும் கொடுத்து, நெசவாளர் வீட்டுத் தறிகளில் நெய்து வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். அவர் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதில் வீடியோ கேம் மெஷின் வைத்தால் ஓடும் என்று மெட்ராஸில் யாரோ காதில் போட்டுவிட்டார்கள். மெஷினைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு மெஷின் தெரியாது. தெரியும் என்று சொல்கிற தைரியம் இருந்தது.

முதலாளியின் வலது கட்டைவிரல் நகம் மட்டும் எப்போதும் கொஞ்சம் நீளமாக இருக்கும். அந்த நகத்தில்தான் அவர் வியாபாரமே இருந்தது. யார் ஜரிகை கொண்டுவந்தாலும் ஓர் இழையைப் பிடித்து நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் திட்டமாட்டார். சரக்கை ஒழுங்காக மடித்துக் கொண்டுவந்தவன் கையிலேயே வைத்து, "பஸ்ஸு கீதுப்பா, ஜல்தி போ" என்பார். அதற்குமேல் அந்த ஆள் ஆரணிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். பழக்க தோஷத்தில் எதைப் பார்த்தாலும் சுரண்டுவார். கல்யாணப் பத்திரிகையின் தங்க எழுத்தைச் சுரண்டுவார். ஸ்வீட் மேல் ஒட்டிய வெள்ளித் தாளைச் சுரண்டுவார். என் டெஸ்டரைக்கூட வாங்கிச் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மெஷின் வாங்க மெட்ராஸுக்கு அவரே வந்தார். டீலர் பெட்டியின் பின்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே பச்சைப் போர்டு, அதன்மேல் சில்லுகள், ஒரு பெரிய சில்லின்மேல் கம்பெனி ஸ்டிக்கர். முதலாளி குனிந்து ஸ்டிக்கரைச் சுரண்டினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர் எட்டிப்பார்த்தது. "ரெண்டு ஒட்டிக்கிறான் பாரு. கெட்டியான கம்பெனி" என்றார். நானும் நிபுணனைப் போலத் தலையாட்டினேன்.

ஆட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் இங்கிலீஷில் நீளமாக இருந்தது. ஆரணியில் அதற்குப் பெயர் 'அடிதடி'. இரண்டு பேர் நின்று ஆடவேண்டும். இடது கைக்கு ஒரு குச்சி, வலது கைக்கு ஆறு பட்டன். திரையில் வரும் ஆட்களுக்கும் ஊரே பெயர் சூட்டியது. மொட்டையன், ஜடைக்காரி, தொப்பை, இப்படி. மொட்டையன் கையை நீட்டினால் நெருப்புக் குண்டு போகும். அவன் எகிறிக் குதிக்கும்போது பட்டனை அமுக்கினால் அந்தரத்தில் இருந்தபடியே குண்டு போடுவான். அதுதான் ஆகாசக் குண்டு. அதைப் போடத் தெரிந்தவன் பெரிய மனுஷன், தெரியாதவன் காசு கொடுத்து அடிவாங்குகிறவன்.

காலையில் கடை திறக்கிற முறை ஒன்று உண்டு. முதலில் ஸ்டெபிலைசரைப் போட்டு அதன் முள் நடுவில் வந்து நிற்கிறவரை காத்திருக்க வேண்டும். ஆரணி கரண்ட் அப்போது ஊஞ்சலாடும். பிறகுதான் மெஷின் சுவிட்ச். திரை சூடாகி நிறம் வருவதற்குள் பலகையைத் தூக்கிக் குச்சியின் அடிப்பாகத்தைப் பார்ப்பேன். அங்கே நாலு திசைக்கும் நாலு குட்டி சுவிட்சுகள் இருக்கும். பெட்ரோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கி 'டிக்' சத்தம் கேட்பேன். 'டிக்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் மாற்றவேண்டும். சத்தமே இல்லையென்றால் முந்தின நாள் யாரோ பலகாரம் தின்றுகொண்டே ஆடியிருக்கிறான்.

மற்ற ஊர் மெஷின்களில் குச்சிதான் முதலில் தேயும். எங்கள் கடையில் பெட்டியின் அடிப்பலகை தேய்ந்தது. காரணம், ஆட வந்தவர்களில் பாதிக்குமேல் கைத்தறிக்காரர்கள். தறியில் உட்கார்ந்தால் இரண்டு கைக்கும் இரண்டு வேலை, காலுக்கு மிதிபலகை. அந்தப் பழக்கம் மெஷின் முன்னால் நின்றாலும் போகாது. மேலே கை அடிதடி செய்யும்போது கீழே கால் தானாக மாறி மாறி மிதிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சாமி வந்தவர்கள் வரிசையில் நிற்பதுபோல இருக்கும். அடிப்பலகைக்கு நான் தகரம் அடித்தேன், தகரமும் தேய்ந்தது.

அமாவாசை அன்று தறியில் வேலை கிடையாது. எனவே அமாவாசைதான் எங்களுக்குத் தீபாவளி. அன்றைக்கெல்லாம் மெஷினை ஆண்டவன் ஏகாம்பரம். முதலாளிக்கு நெய்கிறவன், மொட்டையனைத் தவிர யாரையும் எடுக்கமாட்டான். தன் சொந்தத் தலையில் காடுபோல் முடி, அதை ஆட்டத்துக்கு நடுவிலும் கோதிக்கொள்வான். அதிகம் பேசமாட்டான். எதிராளி தோற்றதும் "தறிக்குப் போ" என்று மட்டும் சொல்வான்.

இப்படிச் சில வருடம் ஓடியது. புது நூற்றாண்டு பிறந்த சமயத்தில் டீலர் முதலாளிக்குப் போன் போட்டார். அதே ஆட்டம் கன்சோலில் வந்திருக்கிறது, அப்டேட் பண்ணிய வெர்ஷன், கூடுதல் ஆட்கள், கூடுதல் அடிகள், பெரிய பெட்டியே வேண்டாம், டிவியில் மாட்டினால் போதும் என்றார். முதலாளி போய் அட்டைப்பெட்டியின் பளபளப்பு முத்திரையைச் சுரண்டினார். கீழே வேறெதுவும் இல்லை. வாங்கி வந்துவிட்டார். பழைய பெட்டியை ஓரங்கட்டினோம். டிவி, இரண்டு ஸ்டூல், இரண்டு கைப்பிடி. சுவரில் ஊதுவத்தி.

முதல் அமாவாசைக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்து அசந்தார்கள். பிறகு உட்கார்ந்து கைப்பிடியை வாங்கினார்கள். சனி பிடித்தது. உட்கார்ந்தால் காலுக்கு வேலையில்லை, கால் வேலை செய்யாமல் கை ஓடமாட்டேன் என்றது. எல்லாவற்றையும் கட்டைவிரலே செய்யவேண்டும். தறியில் பெரிய வேலை எதுவும் பார்க்காத விரல் அது. ஏகாம்பரம் தொப்பையிடம் தோற்றான். தொப்பையிடம் தோற்கிறவனை ஊர் அதுவரை பார்த்ததில்லை. "இன்னாண்ணே இது, சோப்பு டப்பாவ நிமிண்டிகினு" என்று கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

முதலாளி என்னைப் பார்த்தார். குறை கைப்பிடியில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். மெக்கானிக் என்றால் அடித்துச் சொல்லவேண்டும்.

அடுத்த அமாவாசைக்குள் ஒரு வேலை செய்தேன், அதைப் பற்றி இன்றைக்கும் எனக்குக் கர்வம் உண்டு. கைப்பிடியைப் பிரித்தால் உள்ளே சின்னப் போர்டு, ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டைச் சுரண்டினால் செம்பு தெரியும். அந்தச் செம்பில் மயிர்போல் மெல்லிய ஒயரைப் பற்றவைத்து வெளியே இழுக்கவேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் செம்பு கையோடு வந்துவிடும், அப்புறம் கைப்பிடி சோப்பு டப்பாவேதான். ஒரு கைப்பிடியைக் கொன்று, அடுத்ததில் கற்றுக்கொண்டு, ஒயர்களைப் பழைய பெட்டியின் குச்சிக்கும் பட்டன்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெட்டிக்குள்ளேயே டிவியைப் பொருத்தினேன். வெளியே பார்த்தால் பழைய மெஷின், உள்ளே புது ஆட்டம். கழற்றிய பழைய போர்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

அமாவாசை வந்தது. ஏகாம்பரம் வந்து நின்றான். குச்சியைப் பிடித்ததும் அவன் முகம் மாறியது, கால் மிதிக்கத் தொடங்கியது. எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. மொட்டையன் இரண்டு உதை உதைத்தான். எகிறினான். ஏகாம்பரம் பட்டனை அமுக்கினான். மொட்டையன் சும்மா கீழே இறங்கினான். மறுபடி எகிறினான், மறுபடி சும்மா இறங்கினான். நான் பலகையைத் தூக்கி சுவிட்சுகளை அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் 'டிக்'. தரையில் நின்றால் குண்டு போகிறது. அந்தரத்தில் போகவில்லை. நானே ஆடிப் பார்த்தேன், வேறு நாலு பேர் ஆடிப் பார்த்தார்கள்.

ஏகாம்பரம் குச்சியிலிருந்து கையை எடுத்து முடியைக் கோதினான்.

"இது டூப்ளிகேட்டு" என்றான்.

வேறு ஊரில் இந்த வார்த்தையைச் சொன்னால் ஒரு டீயோடு மறந்துவிடுவார்கள். இது பட்டு ஊர். நான் டீக்கடைக்குப் போகுமுன் அந்த வார்த்தை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சம்பந்தம் கடையில் டூப்ளிகேட். சாயங்காலம் சேலை பார்க்க வந்த ஒருவர், சேலையைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டே, "இதுவாச்சும் அசலுதானே?" என்றார். தமாஷுக்குத்தான் கேட்டார். முதலாளி சிரிக்கவில்லை. அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைப்படியில் யாரும் கேட்காத கேள்வி அது. அன்றைக்கு அவர் சாப்பிடப் போகவில்லை.

மறுநாள் என்னை மெட்ராஸுக்கு அனுப்பினார். கன்சோலையும் தூக்கிக்கொண்டு, பழைய போர்டையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு போ. அசல் இப்படி இருக்கும் என்று டீலர் முகத்தில் காட்டு. இவ்வளவுதான் கட்டளை. பஸ்ஸில் அந்தப் போர்டை மடியில் வைத்துக்கொண்டு, டீலரிடம் பேசவேண்டிய வீர வசனங்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

வசனம் எதுவும் தேவைப்படவில்லை. டீலர் பழைய போர்டை ஒரு மெஷினில் மாட்டினார். மொட்டையன் அந்தரத்தில் குண்டு போட்டான். டீலர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உள்ளே இருந்து கம்பெனியின் சொந்தப் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் மொட்டையன் எகிறினான், சும்மா இறங்கினான். கம்பெனி ஆட்டத்தில் ஆகாசக் குண்டு என்பதே கிடையாதாம். எங்கேயோ எவனோ திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து, தன் இஷ்டத்துக்கு நெருப்பைச் சேர்த்து, சில்லின்மேல் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி விற்றிருக்கிறான். தனக்கும் அப்போது தெரியாது என்றார் டீலர். அவர் சொன்னது நிஜமா பொய்யா என்று சுரண்டிப் பார்க்க என்னிடம் நகம் இல்லை. மேல் ஸ்டிக்கரை மட்டும் முழுசாக உரித்துக் காட்டினார். அடியில் இருந்த ஸ்டிக்கரில் கம்பெனி பெயர் இல்லை, பேனாவால் போட்ட ஏதோ ஒரு கிறுக்கல் இருந்தது.

ஆக, அசல் என்று ஊரே ஆடியதுதான் போலி. போலி என்று ஊரே காறித் துப்பியதுதான் அசல்.

திரும்பி வந்தபோது முதலாளி சேலை மடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மடிப்பு கலையாமல் முடித்து வைத்துவிட்டு, போர்டைக் கேட்டு வாங்கினார். ஸ்டிக்கர் இருந்த இடத்தைப் பழக்கத்தில் சுரண்டினார். சுரண்ட எதுவும் இல்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். இது நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும், கன்சோலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பழைய போர்டையே மாட்டிவிடலாம், ஊர் வாய் அடங்கிவிடும். நல்ல யோசனைதான், இன்றைக்கும் சொல்வேன்.

"வாணாம்பா" என்றார். "என் கடையில போலி கீதுன்னா, அத நான்தான் சொல்லணும்."

அடுத்த அமாவாசைக்குக் கடை நிரம்பியிருந்தது. முதலாளி கேம் அறைக்குள் வருவதே அபூர்வம். வந்து நடுவில் நின்று, பழையதுதான் போலி, புதுசுதான் அசல், தெரியாமல் வாங்கி ஏமாந்தேன் என்று சொன்னார். வாழ்க்கையில் அவர் பேசிய பெரிய பிரசங்கம் அதுதான்.

ஒருத்தனும் நம்பவில்லை. புதுசுக்குக் கட்டணம் அதிகம், அதை ஓட்டத்தான் முதலாளி கதை விடுகிறார் என்று முணுமுணுத்தார்கள். பொய் சொல்லாத மனுஷன் ஒரு பெரிய உண்மையைச் சொல்லிப் பொய்யனாகி நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

நம்பினவன் ஒரே ஒருவன். ஏகாம்பரம். அவன் நம்பியது இன்னும் மோசமாகப் போனது.

"நீங்க சொன்னா சரியாதாங்க இருக்கும் முதலாளி. ஆனா இத்தன வருசமா இது போலின்னு உங்களுக்கே தெரியல. உங்ககிட்ட ஜரிக வாங்கித்தான் நான் நெய்யறேன். அத எப்பிடிங்க நம்பறது?"

கடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவர் ஜரிகையை நெய்கிறவர்கள். எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் பக்கத்துக் கடைக்குப் போய், தறிக்குக் கொடுக்க வைத்திருந்த ஒரு ஜரிகைச் சுருளை எடுத்து வந்து ஏகாம்பரம் கையில் வைத்தார். பிறகு அந்த ஸ்டூலில், ஆட வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில், உட்கார்ந்துவிட்டார்.

ஏகாம்பரம் ஓர் இழையை இழுத்தான். நகத்தால் சுரண்டினான். வெளிச்சத்தில் பிடித்தான். பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான், அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். சிவப்பு. சுருள் கடையைச் சுற்றித் திரும்பி வந்தது.

"ஜரிக சுத்தம்" என்றான் ஏகாம்பரம். "இந்த மெஷின சொரண்ட உங்களுக்குத் தெரில. அவ்ளோதாங்க."

"அப்ப இந்தப் பழைய போர்ட இன்னா பண்றது, நீயே சொல்லு" என்றார் முதலாளி. குரல் கீழே கிடந்தது.

ஏகாம்பரம் கொஞ்ச நேரம் முடியைக் கோதினான். பிறகு, நான் அவனிடமிருந்து கேட்ட பேச்சிலேயே நீளமான பேச்சைப் பேசினான்.

"போன மாசம் தெள்ளாருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேங்க. பொண்ணு கட்டிகினு இருந்த சேல நான் நெய்ஞ்சது. என் கை எனக்குத் தெரியாதா? எங்க வாங்கினீங்கன்னு கேட்டேன், வேற ஊர் பேரச் சொல்றாங்க. பொட்டி மேல அந்த ஊர் பேருதான் போட்டுக்கிறான். அப்ப அந்தச் சேல டூப்ளிகேட்டா முதலாளி?"

வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவரே முதலாளிதான். அவர் தரையைப் பார்த்தார்.

"சேல அசலு" என்றார். "பேருதான் பொய்யி."

"இதுவும் அப்பிடித்தாங்க. ஆட்டம் அசலு. பேருதான் பொய்யி. பேர மாத்திப் போடுங்க, ஆடறோம்."

மறுநாள் முதலாளி என்னைப் பெயிண்டும் பிரஷும் வாங்கிவரச் சொன்னார். கன்சோலைப் புதுக் கைப்பிடிகளோடு தனியாக டிவியில் மாட்டி, அதன் மேலே 'கம்பெனி ஆட்டம்' என்று எழுதினேன். பெட்டிக்குள் பழைய போர்டைத் திரும்ப வைத்து, நெற்றியிலிருந்த கம்பெனிப் பெயரை அழித்து 'ஆரணி ஆட்டம்' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. முதலாளி பெயிண்ட் காயும்வரை நின்று பார்த்தார். அத்தனை வருட வியாபாரத்தில் ஆரணி என்று பேர் போட்டு அவர் விற்ற முதல் சரக்கு அதுதான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்பெனி ஆட்டத்தில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் பரம திருப்தி. தறிக்காரர்கள் ஆரணி ஆட்டத்தில் நின்று மிதித்தார்கள். கொஞ்ச வருடம் கழித்துப் பெட்டியின் திரை போனது. ஆளுக்கொரு செல்போன் வந்தது, அறை ரீசார்ஜ் கடையானது. நான் ஜக்கார்டு பெட்டிக்கு மாறினேன். அங்கேயும் பச்சைப் போர்டுதான், அங்கேயும் சொந்தக்காரன் எதிரில் தட்டக்கூடாது.

நந்தினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதலாளியையும் ஏகாம்பரத்தையுமே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் சோதித்துப் பார்க்கவேண்டும். அடுத்த அமாவாசைக்கு முதலாளி கடையிலேயே டிவியை வைத்துக் கன்சோலை மாட்டினாள். குச்சி வைத்த பலகை ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். இப்போது அதை ரெடிமேடாகவே விற்கிறார்களாம், என் கர்வத்தில் கொஞ்சம் காற்று இறங்கியது. முதலாளிக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் நகம் இருந்தது. ஏகாம்பரம் வந்தான். நாலு பவர்லூம் ஓட்டுகிறான். தலையில் அந்தக் காடு இல்லை, இப்போது அவனே மொட்டையன்.

நின்றுகொண்டுதான் ஆடினான். கால் மிதித்தது. மொட்டையன் எகிறினான், சும்மா இறங்கினான். ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். நான் நந்தினியைப் பார்த்தேன். "ஒரு நிமிஷம் சார்" என்று அவள் திரையில் எதையோ தேடி மாற்றினாள். உலகமெல்லாம் திருட்டுப் பிரதியில் இப்படி ஆடியிருக்கிறார்கள் என்று தெரிந்து, கம்பெனியே இந்தப் பதிப்பில் அதையும் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறதாம். ஏகாம்பரம் மறுபடி எகிறினான். அந்தரத்தில் நெருப்புக் குண்டு போனது. அவன் வாயிலிருந்து பழைய "தறிக்குப் போ" வந்தது, எதிராளியாக ஆடித் தோற்றது நான்தான்.

"பாத்தீங்களா, இப்ப திருப்தியா?" என்று நந்தினி முதலாளியைக் கேட்டாள்.

அவர் எழுந்து வந்து கன்சோலைத் தடவினார். கட்டைவிரல் நகத்தால் அதன் ஓரத்தை மெல்லச் சுரண்டினார்.

"நம்ம சரக்கப் பாத்துதான் பண்ணிக்கிறான்" என்றார். "ஆரணின்னு பேரு போட்டுக்கிறானா பாரும்மா."

அவள் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆட்டத்தின் கடைசியில் ஓடுகிற பெயர்களையும் ஓடவிட்டுப் பார்த்தாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் பெயரெல்லாம் வந்து போனது. அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"போடமாட்டான்" என்றார் முதலாளி. "நம்மகிட்ட வாங்கிகினு போனவன் எவன் போட்டான்?"